குண்டானுக்குள் ஒரு பிடி அரிசி

நம் வீட்டு அடுப்பு மேடையில் ஒரு நசுங்கிய அலுமினியக் குண்டான் இருக்கிறது. வாளிக்கு இருப்பது மாதிரி மேலே வளைவாகக் கம்பிப் பிடி போட்டது. அது எப்படி நசுங்கியது, உங்கள் அம்மா அதை ஏன் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறாள் என்று பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும் கேட்டிருக்கிறீர்கள். கீழே விழுந்துவிட்டது என்று சொல்லி முடித்துவிட்டேன். விழுந்தது உண்மைதான். மீதியைச் சொல்லவில்லை. பெட்டி மேல் விலாசம் எழுதுவதைத் தவிர எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. ஆனாலும் நடந்ததை நடந்த வரிசையில் எழுதிப் பார்க்கிறேன்.

திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பாத்திரப் பட்டறையில் நான் பேக்கிங் மேஸ்திரி. அலுமினியத் தகட்டை வட்டமாக வெட்டி, மெஷினில் மாட்டிச் சுழலவிட்டு, நீளக் கம்பியால் அழுத்திக்கொண்டே போனால் தகடு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து குண்டானாகிவிடும். அது உள்ளே இருக்கிற ஆட்களின் வேலை. அவர்கள் முடித்துக் கொடுப்பதைத் துடைத்து, மூடி போட்டு, பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டுவது எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும் ஏழு பெண்களும். அவர்களில் மூத்தவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கோவளம் பக்கம் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகிப் பம்மலுக்கு வந்தவர். கை எவ்வளவு வேகமோ வாய் அதைவிட வேகம்.

இந்தக் குண்டான் ஆர்டரைக் கொண்டுவந்தவர் பம்மலில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பாய். வெளிநாட்டில் ஒரு உதவி அமைப்போடு அவருக்குத் தொடர்பு இருந்தது. பாலஸ்தீனத்தில் போரில் வீட்டை விட்டு வெளியேறிக் கூடாரத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு, வீட்டுக்கு ஒன்றாக, நானூற்று எண்பது குண்டான். மூடியோடு. ஏழு லிட்டர் பிடிக்க வேண்டும்.

பாய் கொண்டுவந்த குண்டான் படத்தைப் பார்த்த பட்டறை முதலாளி கேட்டார், "ஏன் பாய், சமைக்கிற பாத்திரத்துக்கு எதுக்கு வாளி மாதிரி பிடி? ரெண்டு பக்கமும் காது வச்சா போதாதா? செலவும் கம்மி."

"அவங்க அத தூக்கிகினு நடக்கணும் சார்," என்றார் பாய். "இன்னிக்கு ஒரு எடம், அடுத்த வாரம் ஒரு எடம். இன்னொரு கையில கொழந்த இருக்கும்."

முதலாளி இன்னொரு தடவை படத்தைப் பார்த்தார். பிடி போடச் சொல்லிவிட்டார்.

நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். அங்கே கஞ்சி ஊற்றும் இடத்தில் உங்கள் வயசுப் பிள்ளைகள் பாத்திரத்தை நீட்டிக்கொண்டு முண்டுவார்கள். பாத்திரம் இல்லாதவனுக்கு அந்த வரிசையில் வாங்கிக்கொள்ள வழியில்லை. குண்டு விழும்போது ஓடுகிறவர்கள் யாரும் குண்டானை எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. அதனால்தான் இப்படி ஒரு ஆர்டர் எங்கேயோ இருக்கிற நம் எஸ்டேட் வரைக்கும் வந்தது.

பேக்கிங் ஆரம்பிப்பதற்கு முந்தின நாள் சாப்பிடும்போது இதை அம்மாவிடம் சொன்னேன். எத்தனை, எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டாள். அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள்.

"வெறும் குண்டானாவா அனுப்பப் போறீங்க?"

அவள் ஏன் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். பெரியவன் கைக்குழந்தையாக இருந்தபோது நாம் பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். ஒரு மழையில் தண்ணீர் வீட்டுக்குள் இடுப்பளவு வந்துவிட்டது. நான்கு நாள் கழித்துத் திரும்பிப் போனபோது, இருந்த பாத்திரங்களில் பாதி இல்லை, மீதியில் சேறு. யாரோ நல்லவர்கள் வேனில் வந்து, வரிசையில் நிற்கவைத்து, வீட்டுக்கொரு புதுப் பாத்திரம் கொடுத்தார்கள். நானும் நின்று வாங்கினேன். பளபளவென்று இருந்தது. அம்மா அதை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தரையில் கவிழ்த்து வைத்தாள். பக்கத்து வீட்டில் ஒரு கைப்பிடி அரிசி வாங்கி வந்து போட்ட பிறகுதான் நிமிர்த்தினாள். கொடுத்தவர்கள் மேல் அவளுக்குக் கோபமில்லை. ஆனால் புதுப் பாத்திரத்தை வெறுமையாகக் கொடுப்பது நம் வழக்கமில்லை. பெண்ணுக்குச் சீர் கொடுத்தாலும், பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். ஒரு பிடி அரிசி, கொஞ்சம் சர்க்கரை, ஒன்றுமில்லையென்றால் ஒரு வாழைப்பழம்.

மறுநாள் பட்டறையில் அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"நானே கேக்கலாம்னு இருந்தேன் மேஸ்திரி," என்றார் அக்கா. "எங்க குப்பத்துல புதுக் கூடைய கூட வெறுமனே குடுக்க மாட்டாங்கோ. நாலு மீனாவது போட்டுத்தான் குடுப்பாங்கோ. மீன் போட்டு அனுப்புனா கப்பல்ல நாறிப்பூடும். அரிசியே போடலாம்."

ஏழு பெண்களும் நானும் அவரவர் வீட்டு ரேஷன் பச்சரிசியில் கொஞ்சம் கொண்டுவந்தோம். பேக்கிங் நடந்த இரண்டு நாளும் ஒவ்வொரு குண்டானிலும் ஒரு பிடி போட்டு மூடினோம். ஒருவர் அரிசி போட, ஒருவர் மூட, ஒருவர் பெட்டியில் வைக்க. பெட்டிக்கு ஆறு, மொத்தம் எண்பது பெட்டி. முதலாளியிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல காரியத்துக்கு எதற்குக் கேட்பது என்று நினைத்தேன்.

லாரி வருகிற நாள் காலை எட்டு மணிக்கே கண்டெய்னர் வண்டி எஸ்டேட் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. வேறொரு இடத்தில் போர்வைகளும் தார்ப்பாலின் ஷீட்டுகளும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. எங்கள் எண்பது பெட்டியும் ஏறிவிட்டால் கதவைச் சாத்தி சீல் வைத்துவிடுவார்கள். இரண்டு மணிக்குக் கிளம்பினால்தான் துறைமுக கேட் மூடுவதற்குள் போய்ச் சேரும். அந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

ஏற்றுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க அந்த அமைப்பிலிருந்து ஒரு மேடம் வந்தார். நம்ம ஊர்க்காரர்தான், தாம்பரம் பக்கம். கையில் பேப்பர், தோளில் பை. ஒரு பெட்டியைத் தராசில் வைக்கச் சொன்னார். வைத்தேன். பேப்பரைப் பார்த்தார், தராசைப் பார்த்தார்.

"முந்நூத்தம்பது கிராம் கூட வருதே. இன்னொன்னு வைங்க."

இன்னொன்றும் அப்படித்தான் வந்தது. மூன்றாவதையும் வைத்தார். பிறகு கத்தி வாங்கி டேப்பை அறுத்து, ஒரு குண்டானை எடுத்து மூடியைத் திறந்தார்.

"என்ன இது?"

"அரிசி மேடம்," என்றேன்.

"அது தெரியுது. இது எப்படி உள்ள வந்துச்சு?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"நாங்கதாம்மா போட்டோம். எல்லாத்துலயும் கீது. புதுப் பாத்திரத்த வெறுமனே குடுக்கலாமா? உங்க வூட்ல குடுப்பாங்களா, சொல்லு?"

மேடத்துக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "எங்க வீட்லயும் குடுக்க மாட்டாங்கம்மா," என்றார். "ஆனா இந்தப் பேப்பர்ல காலி அலுமினியப் பாத்திரம்னுதான் எழுதியிருக்கு. அரிசின்னா அது உணவுப் பொருள். அதுக்கு வேற பேப்பர், வேற சோதனை, பூச்சி மருந்து அடிச்ச சர்டிபிகேட். இதோட என்னால கையெழுத்துப் போட முடியாது. ஸாரி."

முதலாளி உள்ளே போய் பாய்க்குப் போன் செய்தார். வெளியே வந்து என்னிடம், "உன்ன நம்பித்தானேய்யா விட்டேன். ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னார்.

அரை மணி நேரத்தில் பாய் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். நோன்பு தொடங்கி இரண்டு மூன்று நாள் ஆகியிருந்தது. தண்ணீர்கூடக் குடிக்காத முகம் அந்த வெயிலில் சுருங்கியிருந்தது. திறந்த குண்டானுக்குள் பார்த்தார். அரிசியைத் தொடவில்லை.

"யார் யோசன தம்பி இது?"

"என்னோடதுதான் பாய்."

தலையை ஆட்டிக்கொண்டார். "நல்ல யோசனதான். ஆனா அங்க நெலம வேற. எல்லையில ஒவ்வொரு பெட்டியா பாக்கறாங்களாம். பேப்பர்ல இல்லாத பொருள் ஒன்னு இருந்தாலும், அந்த ஒரு பெட்டிய மட்டும் எடுத்து வெக்க மாட்டாங்க. மொத்த வண்டியும் திரும்பிப் போவணும். அப்படித் திரும்புன வண்டியப் பத்தி எனக்குச் சொல்லியிருக்காங்க. உன் ஒரு பிடி அரிசி, கூட வர்ற போர்வையும் சேத்து நிறுத்திடும்."

அதுவரைக்கும் எனக்கு வேலை போய்விடுமோ என்ற பயம்தான் இருந்தது. இதைக் கேட்ட பிறகு அந்தப் பயம் பின்னால் போய்விட்டது. பசியில் இருக்கிறவர்களுக்குப் போகிற பாத்திரத்திலிருந்து அரிசியை வெளியே எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பாத்திரமும் போகாது. மணி பத்தரை ஆகியிருந்தது.

"சரி, எல்லாத்தையும் பிரிங்க," என்றார் முதலாளி.

வாசலில் ஒரு தார்ப்பாலினை விரித்தோம். நான் டேப்பை அறுக்க, பெண்கள் குண்டானைக் கவிழ்த்துத் தட்ட, துணியால் துடைக்க, மேடம் உள்ளே பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார். மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே இருந்த ஆட்களும் வந்துவிட்டார்கள். முதலாளியும் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். லாரி டிரைவர் கேபினிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, லோடு ஏத்தச் சொன்னா கல்யாண வூட்ல அரிசி பொடைக்கிற மாதிரி ஒக்காந்துகினு கீறீங்க?"

"எறங்கி வந்து நீயும் பொடையேன். மாப்ளயாட்டம் மேல ஒக்காந்துகினு," என்றார் அக்கா.

அவர் இறங்கி வந்தார். பெட்டி தூக்க ஒரு ஆள் கிடைத்தது.

பாத்திரத்தின் விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்க அதை வெளிப்பக்கமாகச் சுருட்டி விட்டிருப்போம். கவிழ்க்கும்போது ஒன்றிரண்டு அரிசி அந்தச் சுருட்டலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. துணிக்கு அது வரவில்லை. மேடம் மூன்று குண்டானைத் திருப்பி அனுப்பினார். அக்கா கொண்டையிலிருந்து ஊசியை உருவி அந்த இடுக்கில் ஓட்டினார். அரிசி குதித்து வெளியே வந்தது. மற்றப் பெண்களும் கொண்டை ஊசியை எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஏழு பேரும் முடி அவிழ்ந்து தொங்க உட்கார்ந்து ஊசியால் குத்திக்கொண்டிருந்தார்கள். நானூற்று எண்பது விளிம்பு.

"தலைல பேன் பாக்குற மாதிரியே கீது," என்றாள் ஒருத்தி. யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை, நேரமில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு அறுபது பெட்டி முடிந்தது. அவசரத்தில் நான் இரண்டு கையிலும் நான்கு குண்டானைக் கோத்துக்கொண்டு எழுந்தேன். ஒன்று வழுக்கி, படிக்கட்டின் இரும்பு முனையில் விழுந்து உருண்டது. எடுத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் உள்ளங்கை அளவு உள்வாங்கியிருந்தது. மூடி உட்காரவில்லை. நானூற்று எழுபத்தொன்பது. பேப்பரில் நானூற்று எண்பது.

அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் செய்த சாம்பிள் குண்டான் ஒன்று முதலாளியின் மேஜையில் இருந்தது. அவர் அதில் பேனா, க்ளிப், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் போட்டு வைத்திருந்தார். என் கையிலிருந்த நசுங்கியதைப் பார்த்தார். உள்ளே போய், அதையெல்லாம் மேஜை மேல் கொட்டிவிட்டு, தன் கைக்குட்டையாலேயே துடைத்துக் கொண்டுவந்து மேடத்திடம் நீட்டினார்.

மேடம் உள்ளே விரலை விட்டு ஒரு க்ளிப்பை எடுத்தார். "சார், இதுவும் பேப்பர்ல இல்ல."

அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு முறைதான். பாய்கூடச் சிரித்தார்.

ஒன்றே முக்காலுக்குக் கடைசிப் பெட்டி ஏறியது. ஏற்றும்போதே மேடம் நடுநடுவில் எட்டுப் பெட்டியை எடுத்துத் தராசில் வைத்துப் பார்த்திருந்தார். எடை சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டார். கதவைச் சாத்தி சீல் வைத்தார்கள். வண்டி திரும்ப இடமில்லாமல், எதிர்ப் பட்டறைக்காரரை எழுப்பி அவர் பைக்கை நகர்த்தச் சொல்லி, ஒரு வழியாகத் தெருமுனையைத் தாண்டியது. எல்லாரும் கேட் வரைக்கும் போய்ப் பார்த்தோம்.

திரும்பி வந்தபோது தார்ப்பாலின் மேல் அரிசிக் குவியல் இருந்தது. ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும்.

"அவங்கவங்க கொண்டு வந்தத அவங்கவங்க எடுத்துக்கங்க," என்றேன்.

யாரும் நகரவில்லை.

"நான் எடுத்துகினு போவ மாட்டேம்பா," என்றார் அக்கா. "அவங்களுக்குன்னு போட்டாச்சு. அது இப்போ அவங்க அரிசி. எங்க வூட்ல அத எப்பிடி வடிப்பேன்?"

மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதலாளிக்கு அது அங்கேயே கிடந்தால் எலி வந்துவிடும் என்ற கவலை. கடைசியில் எல்லாரும் பாயைப் பார்த்தோம். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எங்க பள்ளிவாசல்ல தினம் கஞ்சி காச்சறோம்," என்றார். "யார் வந்தாலும் ஊத்துவோம். பேர் கேக்க மாட்டோம். அதுல போடட்டுமா? அவங்க பேரச் சொல்லியே போடறேன்."

அக்கா ஒரு சாக்கை எடுத்து உதறினார். "அது சரி," என்றார்.

மூட்டை கட்டினோம். சாக்கில் அடங்காத அரிசியை அந்த நசுங்கிய குண்டானில் போட்டு, மேலே துணி கட்டி, பாயின் ஸ்கூட்டரில் வைத்தேன். "குண்டான சாயங்காலம் வந்து வாங்கிக்க," என்றார். முதலாளி, "அத நீயே வச்சுக்கய்யா, என் கண்ணுல படாம," என்றார்.

வேலை முடிந்து பள்ளிவாசல் பக்கம் போனபோது நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியிருந்தது. தெருவில் நம்ம ஆட்களும் அவர்கள் ஆட்களும் தூக்குச்சட்டியோடு நின்றார்கள். நம் தெரு அயர்ன்காரர்கூட நின்றார். பாய் என்னைப் பார்த்து உள்ளேயிருந்து குண்டானைக் கொண்டுவந்தார். விளிம்பு வரைக்கும் கஞ்சி இருந்தது. மூடி சரியாக உட்காராததால் வாழையிலை ஒன்றை மேலே போட்டிருந்தார்கள்.

"காலி குண்டானத்தான் கேட்டேன் பாய்," என்றேன்.

"நாங்களும் வெறுமனே குடுக்க மாட்டோம் தம்பி," என்றார்.

அன்றைக்கு நீங்கள் குடித்த கஞ்சி அதுதான். ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தீர்கள். சின்னவள் மூன்றாவது கேட்டாள், அம்மா ஊற்றினாள். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள். குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அது யாருக்கென்று போட்ட அரிசி என்று அன்று சொல்லியிருந்தால் நீங்கள் குடித்திருப்பீர்களா, தெரியாது. அதனால் சொல்லவில்லை.

அதற்கப்புறம் பாயைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பேன். முதலில் கப்பல் போய்ச் சேர்ந்துவிட்டது என்றார். அப்புறம் பாலஸ்தீனத்துக்குப் பக்கத்து நாட்டில் ஒரு குடோனில் இறக்கியிருக்கிறார்கள் என்றார். லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்று ஒருநாள் அவரே போன் செய்து சொன்னார். அதைக் கேட்டு அக்கா பட்டறையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எல்லை வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, நம்முடையது எத்தனையாவது என்று தெரியவில்லை என்றார் அதற்கடுத்த முறை.

போன வெள்ளிக்கிழமை பம்மல் மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது அவர் கடை வாசலிலிருந்து என்னைப் பார்த்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கையை ஆட்டினார்.

"இன்னும் வரிசையிலதான் நிக்குது தம்பி," என்றார்.

திரும்பி வரவில்லையே என்றேன். இல்லை, திரும்பி வரவில்லை என்றார். ஆட்டோ வந்தது, ஏறிவிட்டேன்.